டர்போ வேனுக்குப் பெரிய இன்டர்கூலர் தேவைதானா?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் பகல் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது வழக்கம். தேங்காயும் மாங்காயும் ஏற்றிக்கொண்டு இந்த வெயிலில் மேடேறும் டீசல் வேன்கள் இழுக்க மாட்டாமல் திணறுவதையும், கரும்புகை கக்குவதையும் பார்க்கிறோம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறிய வண்டிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பழைய வேனை வாங்கி ஓட்டும் சிறு விவசாயிகளிடம், பெரிய இன்டர்கூலர் ஒன்றை மாட்டினால் இழுவை கூடும், டீசல் மிச்சமாகும் என்று சில பட்டறைகளில் யோசனை சொல்கிறார்கள். பல ஆயிரம் ரூபாயைச் செலவழிக்கும் முன்னர் அந்தப் பாகம் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வது நலம்.

முதலில், தம் வண்டியில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2005-ல் வெளிவந்து 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிய டாட்டா ஏஸ் வண்டியின் தொடக்க கால எஞ்சினில் டர்போவே கிடையாது. 1986-ல் வந்த டாட்டா 407 வேனும் முதலில் டர்போ இல்லாமல்தான் ஓடியது. பின்னர் வந்த 407-களின் எஞ்சின் பெயரில் 'டி.சி.' என்று மட்டும் இருந்தால் டர்போ உண்டு, இன்டர்கூலர் இல்லை. 'டி.சி.ஐ.சி.' என்றிருந்தால் இரண்டும் உண்டு. சிறு விவசாயிகளிடம் உள்ள டிராக்டர்களில் பெரும்பாலானவை டர்போ இல்லாதவை. அவற்றுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது.

டர்போ என்பது, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, உள்ளே போகும் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. இதன் மூலக் கருத்துக்கு சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரெட் பூச்சி 1905-ல் காப்புரிமை பெற்றார். காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் அறிவர். 40 டிகிரி வெயிலில் எடுத்த காற்றை டர்போ இருமடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அதன் வெப்பம் 130 முதல் 140 டிகிரி வரை ஏறிவிடும். சூடான காற்று கட்டாத வைக்கோலைப் போன்றது. வண்டி நிறைந்தது போலத் தெரியும், எடை இராது. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அமைந்த இன்டர்கூலர், இந்தக் காற்றை அலுமினியக் குழாய்களின் வழியே அனுப்பி, முன்னாலிருந்து வீசும் வெளிக்காற்றால் குளிரச் செய்கிறது. 138 டிகிரிக் காற்று 60 டிகிரிக்கு இறங்கினால், அதே சிலிண்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காற்று கூடுதலாக அடங்கும். காற்று கூடினால் டீசல் முழுமையாக எரியும், புகை குறையும்.

பெரிதாக்கினால் எவ்வளவு லாபம்?

இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டியுள்ளது. நன்றாக வேலை செய்யும் இன்டர்கூலரிலிருந்து 70 டிகிரியில் வெளிவரும் காற்றை, பெரியதொன்றை மாட்டி 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். அவ்வளவுதான். வெளியே 40 டிகிரி வெயில் இருக்கும்போது எத்தனை பெரிய இன்டர்கூலரும் 40 டிகிரிக்குக் கீழே காற்றைக் கொண்டுபோக முடியாது. மேலும், காற்று மட்டும் கூடினால் இழுவை கூடிவிடாது. டீசலும் கூட வேண்டும். டீசல் பம்ப்பின் திருகைத் திருப்பி எண்ணெயைக் கூட்டிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. முதல் வாரம் வண்டி பறக்கும். பிறகு எஞ்சினுக்குள் வெப்பம் மிகுந்து பிஸ்டன் உருகும், சிலிண்டர் ஹெட் வெடிக்கும். அந்தச் செலவைத் தாங்க ஒரு வருடத் தேங்காய்ப் பணமும் போதாது.

இதற்கு மாறாக, இருக்கிற இன்டர்கூலர் மண்ணும் உமியும் அடைத்துக் கிடந்து, காற்று 100 டிகிரியில் எஞ்சினுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுத்தம் செய்து 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அடர்த்தி சுமார் 12 சதவீதம் கூடும். பெரிய இன்டர்கூலர் தருவதைப் போல நான்கு மடங்கு. செலவு, ஒரு காலை நேர உழைப்பு. ஆகவே, இழுவை குறைந்தது என்று வருந்தும் விவசாயி முதலில் பார்க்க வேண்டியது பழைய இன்டர்கூலரைத்தான்.

தோல் பதனிடும் ஊர்களில் ஒரு தனிக் கவனம் தேவை. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பகுதிகளில் விளைபொருள் பாரம் இல்லாத நாட்களில் வேன்களைப் பச்சைத் தோல் ஏற்ற வாடகைக்கு விடுவதுண்டு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பு தடவியே வருகிறது. அந்த உப்புத் தூளும் வடியும் நீரும் அலுமினியத்துக்குப் பகை. இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், கையால் தேய்த்தபோது தகடு உதிர்ந்தால், உப்பு அரித்துவிட்டது என்று கொள்ளலாம். இப்பகுதியில் பழைய வேன் வாங்குவோர் ரேடியேட்டருக்கு முன்னால் டார்ச் விளக்கு அடித்து இதைப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது. தோல் பாரம் இறக்கிய அன்றே வண்டியின் முன்புறத்தையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீரால் கழுவிப் பயனில்லை.

சுத்தம் செய்தலும் ஓட்டை பார்த்தலும்

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு இன்டர்கூலரைக் கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். முன்னாலிருந்து பாய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளே இறங்கும். சர்வீஸ் நிலையத்து அழுத்தக் குழாயைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ் கொண்டு தகட்டின் போக்கிலேயே துடைத்தால் போதும்.

உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. சாய்த்தால் கிண்ணம் நிறைய எண்ணெய் ஒழுகினால் டர்போவின் சீல் தேய்ந்திருக்கக் கூடும். அதை முதலில் சரி செய்ய வேண்டும். உட்புறத்தை மண்ணெண்ணெய் விட்டு அலசலாம். ஆனால் அதன் பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்து முழுவதும் உலர்த்தாமல் மாட்டவே கூடாது. உள்ளே தேங்கிய மண்ணெண்ணெயையோ எண்ணெயையோ டீசல் எஞ்சின் எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. எஞ்சின் வெடித்து ஆளுக்கே ஆபத்து நேரலாம்.

ஓட்டை பார்க்க, இரு வாய்களையும் ரப்பர் மூடி வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு மூடியில் டயர் வால்வு பொருத்தி, பஞ்சர் கடைக் காற்றைச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அளவே அடிக்க வேண்டும். டயருக்கு அடிப்பதுபோல் அடித்தால் மூடி தெறித்து முகத்தில் பாயும். மேலே சோப்பு நுரை தடவினால் ஓட்டையில் குமிழி எழும்பும். முள் மிக மெதுவாக இறங்கினால் பாதகமில்லை. கண்ணெதிரே விழுந்தால் மாற்றுவதுதான் வழி. ரப்பர் ஹோஸ்களையும் அப்படியே சோதிக்க வேண்டும். வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப் இவற்றாலேயே பாதி வண்டிகள் இழுவை இழக்கின்றன. மேட்டில் 'உஸ்' என்ற சத்தமும், ஹோஸின் வாயில் எண்ணெய்க் கசிவும் இதன் அடையாளம்.

புதியது மாட்டத்தான் வேண்டுமென்றால்

பழையது அரித்துப் போனவர்கள் அதே அளவுள்ளதை வாங்கினால் போதும். சற்றே பெரியது வேண்டுமென்றால் கனம் கூடியதைவிட முகப்புப் பரப்பு கூடியதைத் தேர்ந்தெடுக்கலாம். கனமானது பின்னால் உள்ள ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறித்து எஞ்சினைச் சூடாக்கிவிடும். உடைந்த வண்டிகளிலிருந்து வருவதை வாங்கினால், டர்போ உடைந்த வண்டியின் பாகமா என்று ஐயப்பட வேண்டும். உள்ளே சிக்கிய ஓர் இரும்புத் துகள் போதும், எஞ்சின் கெட.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கருவிகள் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. அவற்றில் வீட்டு வேலை வேண்டாம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மாட்டும்போது இன்டர்கூலரை இரும்புச் சட்டத்தில் நேரடியாக முடுக்காமல் ரப்பர் புஷ் வைத்து முடுக்க வேண்டும். இல்லையேல் அதிர்வில் வெல்டிங் விரியும். ரேடியேட்டருக்குப் போடும் தண்ணீர் ஹோஸ் இதற்கு உதவாது, சூட்டில் உப்பி வெடிக்கும். சிலிக்கான் ஹோஸும் அகலமான கிளாம்ப்பும் தேவை. குழாயின் விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் ஹோஸ் கழன்றுவிடும் என்பதால், லேசான மேடு எழுப்பிய விளிம்பு வேண்டும். இருபுறமும் உள்ள இடைவெளியை ஸ்பாஞ்சு கொண்டு அடைத்தால் எதிர்க்காற்று விலகிப் போகாமல் தகடுகளின் வழியே போகும். மாட்டிய பின் பாரமில்லாமல் 100 கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சின் ஆறியதும் எல்லாக் கிளாம்ப்புகளையும் மறுபடி ஒரு சுற்று இறுக்கிவிட்டு, பிறகே பாரம் ஏற்ற வேண்டும்.