டாஸ்க் ரன்னர் எழுதலாமா? எந்தக் கதவைத் திறக்கணும், எதைப் பூட்டணும்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடுல ஒரு சின்ன லைப்ரரி எப்படி வடிவமைக்கறதுன்னு பேசப் போறோம். டாஸ்க் ரன்னர். அதாவது டெஸ்ட் ஓட்டு, பில்டு பண்ணு, டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஓட்டு, சர்வர்ல ஏத்து, எல்லாம் முடிஞ்சா டீமுக்கு மெசேஜ் அனுப்பு. இந்த வேலைகளைச் சரியான வரிசையில் ஓட்டித் தர்ற மென்பொருள்.

பெரும்பாலான டீம்ல இது ஒரு ஷெல் ஸ்கிரிப்டா ஆரம்பிக்கும். முதல்ல இருபது வரி. ஆறு மாசத்துல நானூறு வரி. அப்புறம் அதைத் தொடவே எல்லாருக்கும் பயம். "இதுக்கு ஒரு லைப்ரரி எழுதிடலாமே, வேணுங்கறவங்க அவங்கவங்க பிளகின் சேர்த்துக்கட்டும்"னு யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க. அந்த இடத்துலதான் நம்ம கதை தொடங்குது.

மேக் சொல்லிக் கொடுத்த பாடம்

1976. பெல் லேப்ஸ். யாக் கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், ஒரு காலைப் பொழுது முழுக்க ஒரு புரோகிராமில் பிழை தேடிட்டு இருந்தார். பிழையை ஏற்கெனவே சரி பண்ணியாச்சு. ஆனா திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் பண்ணலை. பழசுதான் ஓடிட்டு இருந்தது. அவர் வந்து புலம்பினதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினதுதான் 'மேக்'.

மேக்ல இருக்கற யோசனை ரொம்ப எளிது. எது வேணும், அதுக்கு முன்னாடி எதெல்லாம் தயாரா இருக்கணும், எப்படித் தயாரிக்கணும். இந்த மூணையும் எழுதி வெச்சா, ஃபைல்கள் எப்போ மாறிச்சுங்கற நேரத்தைப் பார்த்து, தேவையானதை மட்டும் அது மறுபடி செய்யும்.

மேக்ஃபைல்ல கட்டளை வரி 'டேப்'ல தொடங்கணும். ஸ்பேஸ் போட்டா எரர். இன்னைக்கு வரைக்கும் புதுசா வர்றவங்க இதுல மாட்டறாங்க. இது சங்கடமான விதின்னு ஃபெல்ட்மனுக்குச் சில வாரத்துலேயே தெரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பிச்சிருந்தாங்க, பெரும்பாலும் நண்பர்கள். அவங்க ஃபைல்கள் உடைஞ்சிடக் கூடாதுன்னு மாத்தாம விட்டுட்டார்.

பன்னிரண்டு பேருக்காக விட்ட ஒரு முடிவு ஐம்பது வருஷமா உலகத்தோட ஓடிட்டு இருக்கு. வெளியில இருக்கறவங்க எதைத் தொட முடியுமோ, அது நீங்க கொடுத்த வாக்கு. லைப்ரரி எழுதும்போது இதை மனசுல வெச்சுக்கோங்க.

நடுவுல இருக்கற இன்ஜின்

இன்ஜின் பகுதி நீங்க நினைக்கறதைவிடச் சின்னது. சாம்பார் வைக்கறதை யோசிங்க. பருப்பு வேகணும், புளி ஊறணும், காய் நறுக்கணும். இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு காத்திருக்க வேண்டியதில்லை, ஒரே நேரத்துல நடக்கலாம். ஆனா மூணும் முடியாம சாம்பார் கொதிக்காது. தாளிப்பு கடைசியில.

இதைக் கணினியில் வரிசைப்படுத்த ஆர்தர் கான் 1962-லேயே ஒரு வழிமுறை வெளியிட்டார். எந்த டாஸ்க் யாருக்காகவும் காத்திருக்கலையோ அதை முதல்ல எடு. முடிஞ்சதும், அதுக்காகக் காத்திருந்த டாஸ்க்குகளோட கணக்குல ஒண்ணைக் குறை. கணக்கு பூஜ்யம் ஆனா அதுவும் தயார். டாஸ்க் இன்னும் மிச்சம் இருக்கு, ஆனா எதுவுமே தயாரா இல்லைன்னா, எங்கயோ சுழல் இருக்குன்னு அர்த்தம்: 'அ' வந்து 'ஆ'வுக்காகக் காத்திருக்கு, 'ஆ' வந்து 'அ'வுக்காக.

பைத்தான்ல எழுதறீங்கன்னா இதைக்கூட நீங்க எழுத வேண்டாம். 3.9 பதிப்பிலிருந்து 'கிராஃப்லிப்'ங்கற மாட்யூல் கூடவே வருது. இப்போ எந்தெந்த டாஸ்க் தயார்னு கேட்டு வாங்கி, இணையா ஓட்டி, முடிஞ்சதைத் திருப்பிச் சொல்லலாம். சுழல் இருந்தா எரர் கொடுக்கும். அந்தச் சோதனையை முதல் டாஸ்க் ஓடறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. பாதி வேலை முடிஞ்சப்புறம் சுழல் இருக்குன்னு சொன்னா யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

பிளகின் கதவுகள்

கஷ்டமான பகுதி இதுதான். நான் மூணு கதவு போதும்னு நினைக்கறேன். ஒண்ணு, புது டாஸ்க் சேர்க்கறது. ரெண்டு, ஹுக்: டாஸ்க் தொடங்கும் முன், முடிந்த பின், தோல்வியடைந்தால்னு மூணு சமயத்துல வெளியாள் கோடைக் கூப்பிடறது. மூணு, ரிப்போர்ட்டர்: முடிவைத் திரையில் காட்டணுமா, ஃபைல்ல எழுதணுமாங்கறது.

இதைத் தாண்டி, ஓடற வரிசையையே பிளகின் மாத்தலாம்னு அனுமதிச்சா, ஒரு பிரச்சினை வரும்போது யார் கோடு வரிசையை மாத்துச்சுன்னு கண்டுபிடிக்கவே ஒரு நாள் போயிடும்.

சரி, இந்தக் கதவுகள் சரியான இடத்துலதான் இருக்கான்னு எப்படித் தெரியும்? பைடெஸ்ட்டைப் பாருங்க. அதோட சொந்த வசதிகள்லயே நிறைய, பிளகினாத்தான் எழுதப்பட்டிருக்கு. வெளியாள் பயன்படுத்தற அதே ஹுக்குகளை உள்ளாட்களும் பயன்படுத்தறாங்க. உங்க லைப்ரரியோட முதல் ரெண்டு பிளகினை நீங்களே எழுதுங்க, குறுக்கு வழியில உள்ளே கை விடாம. எழுத முடியலைன்னா கதவு தப்பான இடத்துல இருக்கு.

உள்ளே கை விடறதுன்னா என்ன ஆகும்னு கேட்டா, கல்ப் கதை இருக்கு. கல்ப் 3, சில லைப்ரரிகள் வழியா 'கிரேஸ்ஃபுல்-எஃப்எஸ்'ஸோட பழைய பதிப்பை நம்பியிருந்தது. அந்தப் பதிப்பு நோடோட உள்பகுதிகளைத் தொட்டு வேலை செஞ்சது. 2019-ல் நோட் 12 வந்தப்போ அந்த உள்பகுதி மாறிடுச்சு. கல்ப் 3 பயன்படுத்தின புராஜெக்ட்கள்ல தொடங்கும்போதே எரர். புராஜெக்ட்ல யாரும் ஒரு வரிகூட மாத்தலை.

கிரண்ட்டோட பாடம் வேற மாதிரி. அங்க ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பிளகின் வேணும். கருவியில் புது வசதி வந்தாலும், பிளகின் எழுதினவர் அப்டேட் பண்றவரைக்கும் காத்திருக்கணும். அலுத்துப்போய் நிறைய பேர் கருவியை நேரடியாவே கூப்பிடலாம்னு என்பிஎம் ஸ்கிரிப்டுக்குப் போனாங்க. அதனால ஒரு கட்டளையை அப்படியே ஓட்டற வசதி உங்க லைப்ரரியில் முதல் நாளே இருக்கட்டும்.

பிளகின் விழுந்தா யார் பொறுப்பு?

இப்போ ஒரு நிலைமையைக் கற்பனை பண்ணுங்க. மைக்ரேஷன் முடிஞ்சு டேட்டாபேஸ்ல ஒரு காலத்தோட பெயர் மாறிடுச்சு. அடுத்து புதுக் கோடு ஏறணும். நடுவுல "மைக்ரேஷன் முடிந்தது"ன்னு மெசேஜ் அனுப்பற பிளகின், நெட்வொர்க் பதில் தராம எரர் ஆகுது. லைப்ரரி மொத்த ஓட்டத்தையும் நிறுத்திடுச்சுன்னா? பழைய கோடு, புது டேட்டாபேஸ். உங்க பயனர்களுக்கு எரர் பக்கம். ஒரு மெசேஜ் போகலைங்கறதுக்காக!

அதுக்காக எல்லா பிளகின் எரரையும் விழுங்கிடவும் முடியாது. பாஸ்வேர்ட் கோடுல கசிஞ்சிருக்கான்னு பார்க்கற பிளகின் விழுந்தா, ஓட்டம் நின்னுதான் ஆகணும். ஆக, ஒவ்வொரு ஹுக்கும் பதிவு செய்யும்போதே "நான் விழுந்தா நிறுத்து" அல்லது "எச்சரிக்கை கொடுத்துட்டுத் தொடரு"ன்னு சொல்லியாகணும்னு வெச்சிடுங்க. கூடவே ஒரு நேர வரம்பும். சொல்லாத பிளகினை ஏத்துக்கவே கூடாது.

இன்னொண்ணு, நம்பிக்கை. பிளகின் உங்க புராசஸுக்குள்ள, உங்க சர்வர் சாவிகளோட ஓடுது. 2018-ல் 'ஈவன்ட்-ஸ்ட்ரீம்'ங்கற பிரபலமான என்பிஎம் பேக்கேஜோட பராமரிப்பு வேறொருத்தர் கைக்குப் போனப்புறம், அதுக்குள்ள பிட்காயின் வாலட்டைக் குறிவைக்கும் கோடு நுழைஞ்சது. நம்ம லைப்ரரி ரெண்டு காரியம் பண்ணலாம். இன்ஸ்டால் ஆயிருக்கற எல்லா பிளகினையும் தானா ஏத்தாம, கான்ஃபிக்ல பெயர் எழுதினதை மட்டும் ஏத்தறது. ஷெல் கட்டளையா ஓடற டாஸ்க்குக்கு எல்லா ரகசியத்தையும் தராம, அது கேட்டுப் பதிவு செஞ்சதை மட்டும் தர்றது. முழுப் பாதுகாப்பு இல்லைதான், ஏன்னா ஒரே புராசஸுக்குள்ள ஓடற கோடை முழுசா அடைச்சு வைக்க முடியாது. ஆனா யார் உள்ளே வந்தாங்கன்னு ஒரு பட்டியல் இருக்கும்.

கடைசியா ஒரு சின்ன வசதி: 'ட்ரை ரன்'. எதையும் செய்யாம, என்ன வரிசையில் என்ன நடக்கும், எந்த ஹுக் எங்க வரும்னு மட்டும் அச்சிடறது. கிராஃப் உங்க கையில இருக்கறதால இதுக்குக் கொஞ்சம் வரிகள்தான் ஆகும். ராத்திரி பதினொரு மணிக்கு புரொடக்‌ஷன்ல ஏத்தப் போற ஜூனியருக்கு இதைவிடப் பெரிய தைரியம் கிடையாது.

உங்க ஆபீஸ்ல அந்த நானூறு வரி ஸ்கிரிப்ட் இருந்தா, அதுல எது டாஸ்க், எது ஹுக், எது ரிப்போர்ட்டர்னு பேப்பர்ல மூணு பத்தியா பிரிச்சுப் பாருங்க. நாலாவது பத்தி தேவைப்பட்டா எங்களுக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல அதைப் பேசுவோம்.