விபோர்க்கில் செவ்வாய் ஏன் கொதித்தது?

2018 ஜூலையில் செவ்வாய் பூமியை வெகுவாக நெருங்கியது. மதுரையில் நடுவானத்தை நோக்கி நன்றாகவே ஏறியது. டென்மார்க்கின் விபோர்க்கிலோ தொடுவானத்திலிருந்து வெறும் 8 பாகைதான். அத்தனை தாழ்வில் ஒளி, தலைக்கு நேர்மேலிருந்து வருவதைவிட ஏறத்தாழ 7 மடங்கு காற்றைத் துளைத்து வர வேண்டும். சூடும் குளிரும் கலந்த காற்று அதை இங்குமங்கும் வளைக்க, தொலைநோக்கியில் கோள் கொதிக்கும். 2022 டிசம்பரில் செவ்வாய் சிறுத்துத் தெரிந்தாலும் விபோர்க்கில் 58 பாகை ஏறியது. கொல்லைப்புறப் படக்காரர்களுக்கு அதுதான் யோகம்!

அப்போதும் ஒற்றைப் படம் உதவாது. ஓரிரு நிமிடம் வீடியோ எடுத்து, காற்று கணநேரம் அடங்கிய பிரேம்களை மட்டும் மென்பொருளால் பொறுக்கி அடுக்குவார்கள். ஆயிரக்கணக்கில் எடுத்துப் பெரும்பகுதியைக் கழித்துவிடுவதுதான் வித்தை. வியாழனென்றால் இன்னும் அவசரம்: 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். வீடியோ நீண்டால் மேகப்பட்டைகளின் நுணுக்கம் இழுபட்டுப் போகும்.