சுங்கத்தில் நிற்கும் பரிசுப் பெட்டி

மாப்பிள்ளை லண்டனில் மருத்துவர்; அல்லது அமெரிக்க ராணுவ அதிகாரி. மனைவியை இழந்தவர், ஒரே பெண் குழந்தை. இஸ்லாத்தை அறிய ஆவல் கொண்டிருப்பதாகவும், நிக்காஹ் முடிந்ததும் இந்தியாவிலேயே குடியேற எண்ணியிருப்பதாகவும் எழுதுகிறார். கணவனை இழந்தோ தலாக் பெற்றோ, மறுமணத்திற்காக இணையத்தில் விவரம் பதிந்துவிட்டு மாதக் கணக்கில் காத்திருக்கும் ஒரு சகோதரிக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

காலையில் ஸலாம், இரவில் நலம் விசாரிப்பு என்று சில வாரங்கள் கழியும். பின்னர், நகைகளும் பவுண்டு நோட்டுகளும் நிறைந்த பரிசுப் பெட்டி ஒன்றை அனுப்பியிருப்பதாகப் படத்துடன் தகவல் வரும். அடுத்து, டெல்லி விமான நிலையச் சுங்க அதிகாரி என்று ஒரு குரல் தொலைபேசியில் பேசும். முதலில் வரி; கட்டியதும், பெட்டியில் அந்நியப் பணம் இருந்ததற்கு அபராதம்; பிறகு ஏதோ சான்றிதழுக்குக் கட்டணம். தயங்கினால், கைது செய்வோம் என்ற மிரட்டல். வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போகும். பெட்டி என்ற ஒன்று இருந்ததேயில்லை.

சுங்க வரி அரசின் கணக்கில் சேர்வது. எந்த அதிகாரியும் தொலைபேசியில் அழைத்துத் தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்வதில்லை. துறையின் கடிதங்களில் அச்சிடப்படும் ஆவண அடையாள எண்ணை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்த்துக் கொள்ளலாம்.

படிக்காதவர்களே ஏமாறுகிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இவ்வகை மோசடி குறித்து அந்நாட்டு வணிக ஆணையத்திடம் முறையிட்டனர். இழந்த தொகை 130 கோடி டாலர்.

கீழக்கரையிலிருந்து ஒரு வரன் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஜமாஅத்தில் கேட்கிறோம், மாமன், மச்சான் யார் என்று துருவுகிறோம், அவர் வேலை பார்க்கும் கடைக்கே ஆள் அனுப்புகிறோம். லண்டன் வரன் என்றதும் விசாரிக்க வழியில்லை என்று வாளாவிருந்து விடுகிறோம். வழி இருக்கிறது. பிரிட்டனில் மருத்துவத் தொழில் செய்ய உரிமம் பெற்றோரின் பதிவேட்டைப் பொது மருத்துவக் கவுன்சில் இணையத்தில் எல்லோர் பார்வைக்கும் வைத்துள்ளது. பெயர் அதில் இருந்தாலும் போதாது. பிறர் பெயரைத் திருடிக்கொள்வதும் உண்டு. அவர் பணியாற்றும் மருத்துவமனைக்கே தொலைபேசியில் பேசுங்கள். விடுப்புப் பெறப் படைவீரர் பணம் கட்ட வேண்டும் என்பது பொய்யென்று அமெரிக்க ராணுவமே அறிவித்திருக்கிறது. இஸ்லாத்தில் நாட்டமுள்ளவர் என்றால், அவருடைய ஊர்ப் பள்ளிவாசலின் இமாம் நம்மிடம் பேசட்டும். எல்லாவற்றிற்கும் முன்பாக, பெண்ணின் வலீயிடம் பேசச் சொல்லுங்கள். மோசடிக்காரர் அத்துடன் மறைந்துவிடுவார், அல்லது கோபித்துக்கொள்வார்.

ஆனால் வலீக்கு விஷயம் தெரிந்தால்தானே! 'இந்த வயதில் உனக்கு இது தேவையா?' என்று அண்ணன் கேட்டுவிடுவாரோ என்ற அச்சத்திலேயே பெண் வாயை மூடிக்கொள்கிறாள். மோசடிக்காரருக்கு அதுவே துணை. ஏசுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிய சில மணி நேரத்திற்குள் சொன்னால், எடுக்கப்படாத தொகையை வங்கியிலேயே முடக்கிவைக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு உரையாடல்களை அழித்துவிடாதீர்கள், அவைதாம் சாட்சி. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது.

சில மாதங்கள் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக வழக்கறிஞர் ஒருவர் தாமாகவே அழைத்து முன்கட்டணம் கேட்கக்கூடும். பெரும்பாலும் அவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்தான்.