அடுத்த பாத்தியின் மடை

போன கிழமை வந்த கடிதங்களில் ஒன்று எங்கள் பளையிலிருந்தே வந்திருந்தது. எழுதியவர் ஓர் அலுவலகத்தில் தரவு பதியும் பிள்ளை.

“ஐயா, எங்கட புறோகிராமில ‘அடுத்து’, ‘அடுத்து’ எண்டு என்டரைத் தட்டிக்கொண்டே பக்கம் பக்கமாய்ப் போகலாம். கடைசிப் பக்கம் வந்தவுடன கீபோட் செத்துப்போகும். எதைத் தட்டினாலும் அசையாது. மவுஸால ஒருக்கால் கிளிக் பண்ணினால் திரும்ப உயிர் வரும். எனக்குப் பிரச்சினை இல்லை. பக்கத்து மேசையில இருக்கிற அக்காவுக்குக் கண் தெரியாது, அவ மவுஸ் பாவிக்கிறேல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் நான் எழும்பிப் போய்க் கிளிக் பண்ணி விடுறன். கீபோட்டை மாத்தச் சொல்லிக் கேக்கட்டோ?”

கீபோட்டை மாற்ற வேண்டாம் பிள்ளை. அதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் கணினிக்குள் போய்ச் சேருகிறது. உள்ளே அதை வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

திரையில் ஐம்பது பெட்டியும் பொத்தானும் இருக்கலாம். விசைப்பலகை ஒன்றே ஒன்று. தட்டும் எழுத்து எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்பதற்குக் கணினி வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் மென்பொருள்காரர் ‘ஃபோகஸ்’ என்கிறார்கள். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் அது இருக்கும். டாப் விசையைத் தட்டினால் அடுத்த இடத்துக்கு நகரும். நகரும்போது விண்டோஸ் இரண்டு செய்திகளை அனுப்பும். பழைய பெட்டிக்கு ‘உன்னை விட்டுப் போகிறது’ என்று ஒன்று, புதிய பெட்டிக்கு ‘உன்னிடம் வந்துவிட்டது’ என்று இன்னொன்று.

இதை எழுதும்போது எனக்கு எங்கள் மிளகாய்த் தோட்டம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பா கிணற்றடியில் மெசினைப் பார்த்துக்கொள்வார். தண்ணி மாறுவது என் வேலை. ஒரு பாத்தி நிரம்ப, அடுத்த பாத்தியின் மடையை மண்வெட்டியால் வெட்டித் திறந்து, தண்ணீர் அங்கே திரும்பிய பிறகுதான் நிரம்பிய பாத்தியின் மடையைக் கட்டவேண்டும். ஒரு நாள் அவசரத்தில் முதலில் பழைய மடையைக் கட்டிவிட்டேன். மெசின் நிற்கவில்லை, தண்ணீர் போக வழியும் இல்லை. எங்கள் மணல் மண்ணில் வாய்க்கால் வரம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? உடைத்துக்கொண்டு தென்னைகளுக்குள் ஓடியது. அப்பா ஏசவில்லை. மண்வெட்டியை வாங்கி, எது முதல், எது பிறகு என்று ஒருமுறை செய்து காட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

உங்கள் புறோகிராமில் நடப்பது இதுதான். நீங்கள் ‘அடுத்து’ பொத்தானில் நின்று என்டரைத் தட்டுகிறீர்கள். கடைசிப் பக்கம் வருகிறது. இனி அடுத்தது எதுவும் இல்லை என்பதால் புறோகிராம் அந்தப் பொத்தானை முடக்கிச் சாம்பல் நிறமாக்குகிறது. அது சரியான காரியந்தான். ஆனால் ஃபோகஸ் இன்னும் அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. முடக்கிய பொத்தான் எந்த விசையையும் வாங்காது. விண்டோஸின் அடிப்படைப் பொத்தான்களைப் பொறுத்தவரை, முடக்கியவர்தான் முதலில் ஃபோகஸை வேறிடத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். கணினி தானாக அதைச் செய்வதில்லை. என்டர், டாப், அம்புக்குறி என்று நீங்கள் தட்டுவதெல்லாம் கட்டிய மடையில் மோதி வீணாகிறது. மவுஸால் கிளிக் செய்தவுடன் ஃபோகஸ் வேறு இடத்துக்கு மாறிவிடும், விசைகளுக்கும் வழி கிடைத்துவிடும்.

இந்தக் கோளாறில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. பார்வைக்கு எல்லாமே சரியாக இருக்கும். பிழைச்செய்தி வராது, திரை உறையாது, சோதித்துப் பார்ப்பவர் கையில் மவுஸ் இருந்தால் வருடக்கணக்கில் கண்ணில் படாது. சில மென்பொருள் கருவித்தொகுப்புகள், பொத்தானை முடக்கியவுடன் ஃபோகஸைத் தாமாகவே வரிசையில் அடுத்ததற்குத் தள்ளிவிடும். அது இன்னும் பயங்கரம். பல பெட்டிகளில் ‘அடுத்து’ பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பது ‘ரத்துச் செய்’. பழக்கத்தில் இன்னொருமுறை என்டரைத் தட்டினால் அரைமணி நேர வேலை போய்விடும்.

திருத்தம் மூன்று வரி. முதலில் கடைசிப் பக்கத்துக்குரிய ‘முடிக்க’ பொத்தானை இயக்கு, பிறகு ஃபோகஸை அதற்கு மாற்று, அதன் பிறகு ‘அடுத்து’ பொத்தானை முடக்கு. தண்ணி மாறிய எவருக்கும் இந்த வரிசையை விளக்கத் தேவையில்லை. விண்டோஸில் எழுதுவோருக்கு ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபோகஸை நீங்களே தூக்கி வைக்காமல், நகர்த்தும்படி உரையாடல் பெட்டியிடம் செய்தி அனுப்புங்கள். இல்லாவிட்டால் என்டருக்கு உரிய பொத்தானைக் காட்டும் தடித்த கரை பழைய பொத்தானிலேயே தங்கிவிடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தொல்லையை நம் அலுவலகங்களில் கண்டிருப்பீர்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம் முன்பு ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது. 2016 முதல் 12 இலக்கத்தில் புதிய அட்டை வருகிறது. பழைய முறைக்கு எழுதிய பெட்டியில் புதிய இலக்கத்தைப் போட்டுவிட்டு டாப் தட்டினால், ‘பிழை’ என்று சொல்லி ஃபோகஸைத் திரும்ப இழுத்துவிடும். முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் போக முடியாது. அடுத்த பெட்டியும் ‘என்னை நிரப்பாமல் போகாதே’ என்று இழுக்கிற வகையாக இருந்தால், இரண்டும் ஃபோகஸை மாறி மாறிப் பறித்து முழுப் புறோகிராமும் சிக்கிக்கொள்ளும். ஃபோகஸ் போகிறது என்ற செய்தியைக் கையாளும்போது வேறு சாளரம் எதையும் திறக்காதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட்டின் வழிகாட்டிக் குறிப்பே எச்சரிக்கிறது. பிழை இருந்தால் பக்கத்தில் சிவப்பாகக் காட்டட்டும், சேமிக்கும்போது தடுக்கட்டும். ஆளைப் பிடித்து வைத்திருக்க அந்தப் பெட்டிக்கு என்ன உரிமை?

கேளாமல் பாய்ந்து வந்து ஃபோகஸைப் பறிக்கும் பெட்டிகள் வேறு. தமிழில் எழுதுவோருக்கு இதில் இரட்டைச் சேதம். ஆங்கில ஒலிப்படி தமிழ் அடிக்கும்போது, முதல் தட்டில் ‘ம்’ வரும், இரண்டாம் தட்டில் புள்ளி போய் ‘ம’ ஆகும். இரண்டு தட்டுக்கும் நடுவில் ஃபோகஸ் மாறினால் பழைய பெட்டியில் ‘ம்’ கிடக்கும், புதிய பெட்டியில் ‘அ’ முளைக்கும். ஓர் எழுத்தின் மெய் ஒரு பெட்டியில், உயிர் இன்னொரு பெட்டியில். பாமினி எழுத்துருவில் அடிப்பவர் நிலை வேறு மாதிரி. அங்கே உண்மையில் போவது ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் தமிழாகக் காட்டுகிறது. வேறு பெட்டிக்குள் போனால் ஒருவருக்கும் விளங்காத ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். விண்டோஸ் 98 முதல், ஒருவர் ஒரு சாளரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொரு புறோகிராம் முன்னால் பாய முயன்றால், அதைத் தடுத்துக் கீழ்ப் பட்டையில் மினுங்க மட்டும் விடும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் முன்னால் இருக்கும் புறோகிராமே தனக்குள் பெட்டி எழுப்பினால் அந்தத் தடை உதவாது.

கடிதத்தில் வந்த அக்காவிடம் வருகிறேன். பளையிலும் முகமாலையிலும் கண்ணிவெடி எடுக்கும் வேலை எத்தனை வருடம் நடந்தது என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போரில் பார்வை போனவர்கள் வன்னியில் பலர். அவர்களுள் ஒருவர் அலுவலக மேசையில் இருந்து சம்பளத்துக்கு வேலை செய்கிறார் என்றால் அதன் பின்னால் எத்தனை உழைப்பு! அவருக்குக் கை கொடுப்பது திரைவாசிப்பான் என்ற மென்பொருள். 1989இல் டொஸ் காலத்திலேயே ‘ஜாஸ்’ என்ற திரைவாசிப்பான் வந்தது. விபத்தொன்றில் பார்வையை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் தொடங்கியது. விலை அதிகம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கல் கரன் 2006இல் ‘என்விடிஏ’ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அது இலவசம். தமிழிலும் பேசும்.

திரைவாசிப்பான் பெரும்பாலும் ஃபோகஸைப் பின்தொடர்ந்துதான் பேசுகிறது. ஃபோகஸ் எங்கே போகிறதோ அந்தப் பெட்டியின் பெயரை, அந்தப் பொத்தானின் பெயரை அது வாசிக்கும். கண் தெரிந்தவருக்கு ஃபோகஸ் ஒரு வசதி. தெரியாதவருக்குத் திரை என்பதே அதுதான். அது செத்த பொத்தானில் மாட்டிக்கொண்டால் அவருக்கு முழுத் திரையும் அணைந்துவிடுகிறது. இன்சேர்ட்டையும் டாப்பையும் சேர்த்து அழுத்தினால், ஃபோகஸ் எங்கே நிற்கிறது என்று என்விடிஏ சொல்லும். உங்கள் அக்காவுக்கு இது தெரிந்திருக்கும்.

எனக்கு வருத்தம் எங்கே என்றால், இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. விசைப்பலகை எந்த இடத்திலும் சிக்கக்கூடாது, ஃபோகஸ் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று 2008 டிசம்பரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. இணையத்துக்கு எழுதியதானாலும் மேசைக்கணினிக்கும் அப்படியே பொருந்தும். நம் பிள்ளைகள் மென்பொருள் படிக்கிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். வண்ணத்துக்கும் வடிவத்துக்கும் இரவு பகலாக மினக்கெடுகிறார்கள். ஃபோகஸைச் சுற்றி வரும் சின்னக் கோடு அழகைக் கெடுக்கிறதென்று எடுத்தும் விடுகிறார்கள். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு தாங்கள் எழுதியதை ஒரு மணி நேரம் பாவித்துப் பார்க்கும்படி எந்த வகுப்பில் கேட்கிறார்கள்? கேட்கவேண்டும். அது பரீட்சையில் ஒரு வினாவாகவே வரவேண்டும்.

கடிதம் எழுதிய பிள்ளையிடம் கேட்டு, அந்தப் புறோகிராமை எழுதிய தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன். “கடைசிப் பக்கத்தில என்ன செய்யிறீர்?” என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார். ‘அடுத்து’ முடக்கு, ‘முடிக்க’ இயக்கு. இரண்டே வரி. நடுவில் இருக்கவேண்டியது இல்லை, வரிசையும் தலைகீழ். தோட்டத்துக் கதையைச் சொன்னேன். அவர் வீட்டிலும் வெங்காயம் வைத்தவர்களாம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “விளங்குது அண்ணை” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அக்கா கடைசிப் பக்கத்தில் என்டரைத் தட்டினாவாம். “முடிக்க, பொத்தான்” என்றதாம் குரல். பழக்கத்தில் பாதி எழும்பிய பிள்ளை திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாளாம்.