மழைமானியும் மின்மானியும்

மாத்தளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில், திறந்த வெளியில் சிறியதொரு மழைமானி நிற்பதுண்டு. காலைதோறும் அதனுள் தேங்கிய நீரை அளந்து ஒருவர் பேரேட்டில் பதிந்துவைப்பார். பார்வைக்கு அற்பமான இச்செயலே, பருவநிலை மாறிவருகின்றதா என்னும் பெரிய வழக்கின் முதற் சாட்சியாகும். அச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது குற்றமன்று. செய்யாமல் விடுவதே குற்றம்.

“முன்னைப்போல் மழை இல்லை” என்று றத்தோட்டையிலும் எல்கடுவையிலும் முதியோர் கூறுவர். நினைவு பொல்லாதது. பெருவெள்ளத்தையும் கொடிய வறட்சியையும் அது பேணிவைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே கழிந்த சாதாரண ஆண்டுகளை மறந்துவிடுகிறது. ஆகவே பேரேடே மேலானது. ஆயினும் பேரேட்டிலும் பிழை புகும். மழைமானிக்கு அருகே நட்ட மரம் இருபது ஆண்டில் கிளைபரப்பினால், வானம் அதே அளவு பொழிந்தாலும் கருவியில் விழும் நீர் குறையும்.

மாவட்டச் சராசரி என்பதும் அத்தகையதே. நக்கிள்ஸ் மலைத்தொடரிலே றிவஸ்டன் கணவாயைக் கடந்தவர்கள் இதனை உடலாலேயே அறிவர். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் றத்தோட்டைப் பக்கம் மூடுபனியும் தூறலும்; கணவாயைத் தாண்டி லக்கலைப் பக்கம் இறங்கினால் வறண்ட காற்று. வடகீழ்ப் பருவம் வந்ததும் லக்கலைச் சரிவு நனைகிறது. தம்புள்ளையோ வரண்ட வலயத்தைச் சேர்ந்தது. இம்மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருகின்ற எண், மூன்றிடத்திலும் பெய்யாத மழையின் எண்ணாகும்.

இவ்வாறெல்லாம் ஐயுறுவோர், “விஞ்ஞானிகள் பழைய அளவுகளைத் திருத்துகிறார்களே, அது மோசடியன்றோ?” என்று கேட்பர். கேள்வி நியாயமானது, விடைதான் பலருக்குத் தெரியாது. முற்காலத்தில் கப்பல்களில் கடல்நீரை வாளியால் மொண்டு வெப்பம் பார்த்தனர். மேலே இழுப்பதற்குள் நீர் ஆறிவிடும். அப்பிழையைத் திருத்தும்போது பழைய கடலின் வெப்பம் சற்று உயர்கிறது. அதனால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. உலகம் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால், திருத்தங்கள் வெப்பமேற்றத்தைச் சற்றுத் தணித்தே காட்டுகின்றன. அமெரிக்கப் பௌதிகவியலாளர் றிச்சட் முல்லர் இத்தகைய ஐயங்களுடனேயே 2010இல் பேக்லியில் ஒரு குழுவைத் திரட்டிப் பழைய கணக்குகளைப் புதிதாகப் போட்டார். நகரச் சூடும் தரங்குறைந்த நிலையங்களும் முடிவை மாற்றவில்லை. பூமி வெப்பமேறுவது மெய்யே என்று 2011இல் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஐயமென்றால் அத்தகைய ஐயமாக இருத்தல் வேண்டும்.

குறுகிய காலத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு, றிவஸ்டனின் சிறு மலையைவிட்டுத் துருவக் கடலுக்கே போகவேண்டும். 1979 முதல் செய்மதிகள் கடற்பனியை அளந்துவருகின்றன. வடதுருவத்தில் 2012 செப்டெம்பரில் பனிப்பரப்பு ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது. அதன்பின் பத்தாண்டுக்கு மேலாகியும் அவ்வளவு தாழவில்லை. “உருகல் நின்றது” என்றனர் சிலர். ஆனால் 1979ஆம் ஆண்டிலிருந்து கோடு போட்டால் அது கீழ்நோக்கியே செல்கிறது. மறுபுறம், தென்துருவப் பனி 2014இல் 200 இலட்சம் சதுர கிலோமீற்றரைத் தாண்டிப் பெருகியதும் உண்மை. 2023 பெப்ரவரியில் 18 இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்ததும் உண்மை. 2014இல் நின்று பேசியவரும் 2023இல் நின்று பேசியவரும் தத்தமக்கு வேண்டிய ஆண்டைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

வெப்பமேற்றம் மெய்யென்றால், அதற்கு மருந்தாகச் சொல்லப்படும் பசுமை மின்சாரத்தின் கணக்கையும் அதே கண்டிப்போடு பார்க்கவேண்டும். இங்கேதான் மாத்தளை பெரும் பாடம் புகட்டுகிறது. மகாவலி நீர் பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு வந்து, 1976 முதல் அங்கே மின்னியற்றுகிறது. நிலையத்தின் கொள்ளளவு சுமார் 40 மெகாவாற்று. பின்னர் அந்நீர் அம்பன் கங்கை வழியே போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கும் 40 மெகாவாற்று நிலையம் உண்டு. மொறகஹகந்தையில் 2018இல் திறந்துவைக்கப்பட்டது 25 மெகாவாற்று. கூட்டினால் நூற்றைந்து; செய்தித்தாளில் இது அழகாகவே தோன்றும்.

ஆனால் மெகாவாற்று என்பது பானையின் அளவு, சோற்றின் அளவன்று. பொல்கொல்லையில் திரும்பிய நீர், கீழே 210 மெகாவாற்று விக்டோரியா நிலையத்துக்குக் கிட்டாது. அங்கே அது உக்குவளையில் விழுவதைவிட இருமடங்குக்கு மேலான உயரத்திலிருந்து விழுந்திருக்கும். போவதென்னையிலும் அப்படியே: கலா ஓயாப் பக்கம் சுரங்கத்தில் பாசனத்துக்குச் செல்லும் நீர் அங்குள்ள மின்நிலையச் சுழலியைத் தொடுவதில்லை. தம்புள்ளையின் வெங்காயப் பாத்தியும், அதற்கப்பால் உள்ள நெல்வயலும், நாட்டின் மின்விளக்கும் ஒரே நீருக்குக் கைநீட்டுகின்றன. களு கங்கை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய லக்கலை நகரமே நீருக்குள் போயிற்று. மக்களுக்காக 2018இல் திறக்கப்பட்ட புதிய ஊருக்குப் ‘பசுமை நகரம்’ என்றே பெயரிட்டனர்.

2030இல் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது இலங்கையின் குறிக்கோள். சூரியத் தகடுகள் கூரைகளில் பெருகுவது நன்றே. எனினும் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், ஆலைகள் ஓய்ந்து மின்தேவை தாழ்ந்தபோது, பகற்பொழுதில் அத்தகடுகளை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. நண்பகலில் மிகுந்ததை மாலை ஏழு மணிக்கு எடுத்துவைக்கச் சேமக்கலங்கள் போதியளவு இல்லை. அந்த மாலைச் சுமையின் ஒரு பங்கை உக்குவளையும் போவதென்னையும் சுமக்கலாம். நீர் இருந்தால், அதுவும் வயலுக்கு அன்று திறந்துவிடும் முறை இருந்தால்.

எனவே சிறுபோகத்துக்கு முன் நீர்ப்பங்கீட்டை ஆராயக் கூடும் கமக்காரர், மெகாவாற்றைப் பற்றிக் கேட்பதில்லை. மொறகஹகந்தையில் இன்று எத்தனை கன மீற்றர் நீர் நிற்கிறது, எந்தத் திகதியில் மதகு திறக்கும் என்றே கேட்கின்றனர். அவர்களுக்கு விடைசொல்ல வேண்டியவரின் கையில், மலைத்தோட்டத்து மழைமானியின் பேரேடு இருத்தல் வேண்டும்.