முந்திரி ஓட்டிலும் காசு இருக்கிறது

2007ஆம் ஆண்டு பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறை வட்டாரங்களில் முந்திரி ஒரு முக்கியப் பயிர். கொட்டையை மூட்டையாக விற்கும் விவசாயிகள் பருப்பை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள். 80 கிலோ மூட்டையை உடைத்தால் கிடைக்கும் பருப்பு 20 முதல் 24 கிலோதான். மீதியில் பெரும்பகுதி ஓடு. அந்த ஓட்டின் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு எண்ணெய்.

கையில் பட்டால் கொப்புளம் போடும் அதே எண்ணெய்தான் இது. இதைச் சூடாக்கினால் அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை இழந்து 'கார்டனால்' என்னும் பொருளாக மாறுகிறது. வாகன பிரேக் லைனிங், பெயிண்ட், பிசின் ஆகியவற்றின் தயாரிப்பில் இது பயன்படுகிறது.

இதில் வினையூக்கிக்கு முக்கியப் பங்கு உண்டு. தான் செலவாகாமல் ரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருளே வினையூக்கி. ஸ்காட்லாந்து, டான்சானியா விஞ்ஞானிகள் வினையூக்கிகளைக் கொண்டு, ஆப்பிரிக்காவில் கால்நடைகளுக்கு நோய் பரப்பும் செட்சி ஈயைக் கவரும் பொருளை கார்டனாலிலிருந்து தயாரித்துள்ளனர். ஓட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்க, பெட்ரோலியக் கரைப்பான்களுக்குப் பதிலாக, மிகுந்த அழுத்தத்திலுள்ள கரியமில வாயுவைப் பயன்படுத்தும் முறையும் ஆராயப்பட்டுள்ளது. வேலை முடிந்து அழுத்தத்தைக் குறைத்ததும் வாயு பிரிந்துவிடும். எண்ணெயில் கரைப்பான் தங்காது.

இவையெல்லாம் ஆலைகளுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் உரியவை. விவசாயி செய்யக்கூடியது என்ன?

கொட்டை உடைக்கும் குழுக்கள் நெருப்பில் வறுப்பதைத் தவிர்க்க வேண்டும். வறுக்கும்போது எண்ணெயில் ஒரு பகுதி எரிந்து, கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் புகையாகிறது. நீராவியில் அவித்து, ஆறவைத்து, வெட்டி எடுத்தால் எண்ணெய் ஓட்டிலேயே தங்கும். உடைக்கும் பெண்கள் கையுறை அணிவது அவசியம். இல்லையேல் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்யலாம்.

ஓட்டை அடுப்பெரிக்கக் கொடுத்துவிடாமல், மழை படாமல் சேர்த்து, எடை போட்டு எண்ணெய் ஆலைக்கு விற்கலாம். எண்ணெய் எடுத்த சக்கையும் கொதிகலன்களுக்கு எரிபொருளாகும்.

ஒரு மூட்டை ஓட்டை யாரும் தேடி வந்து வாங்கமாட்டார்கள். ஊர் விவசாயிகள் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து லோடு கணக்கில் பேசினால் விலை கேட்க முடியும். கொட்டையாகவே விற்பவர்களும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்து பேரம் பேசுவது நல்லது. கொட்டை கைமாறும்போது ஓடும் சேர்ந்தே கைமாறுகிறது.