நிறைமாதத்தில் நீர்ச் சிக்கனம் வேண்டாம்

சிக்கனத்தைப் போற்றுவது வங்கியின் இயல்பு. இந்த இதழின் பக்கங்களில் சேமிப்பின் சிறப்பைப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். இம்முறை ஒரு சிக்கனத்தை உடனே கைவிடும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறோம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், அடிக்கடி சிறுநீர் கழிக்க நேருமே என்று அஞ்சிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் சிக்கனமே அது.

சித்தூர் மாவட்டத்தில், தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் கிளை ஒன்றில் நாங்கள் பணியாற்றுகிறோம். சென்ற கோடையில் ஒரு நண்பகல். எட்டாம் மாத முடிவில் இருந்த இளம்பெண் ஒருவர், தம் கணக்குடன் ஆதார் எண்ணை இணைப்பதற்காக மாமியாருடன் வந்திருந்தார். டோக்கன் பெற்றுக்கொண்டு அமர்ந்தார். அவருக்கு முன்னே பதினான்கு பேர். அரை மணி நேரத்திற்குள் இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மூன்றாம் முறை எழுந்து வந்து, எங்கள் பெண் ஊழியர் ஒருவரிடம் தாழ்ந்த குரலில், "அக்கா, இங்கே பாத்ரூம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்தது. ஆனால் அதன் கதவில் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தோம். நல்லவேளையாக அந்த ஊழியர் அந்த எழுத்தைப் பொருட்படுத்தாமல் அவரை உள்ளே அழைத்துச் சென்றார். திரும்பி வந்தபோது அவருடைய எண் கடந்துபோயிருந்தது. அவரை மீண்டும் காத்திருக்க வைக்காமல் வேலையை முடித்துக் கொடுத்தோம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தபோது மட்டும் மறுத்துவிட்டார்.

"வேண்டாம் சார். பஸ்ஸில் போக வேண்டும். காலையிலிருந்து குடிக்கவில்லை."

மணி அப்போது ஒன்றைத் தாண்டியிருந்தது. வெளியே மே மாத வெயில். "தண்ணீர் அதிகம் குடித்தால் கால் வீங்கிவிடும், அதற்காகவும்தான்" என்றார் மாமியார், மருமகளின் கட்டுப்பாட்டைப் பாராட்டும் குரலில். அன்று மாலை வரை அந்தச் சொற்கள் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை.

ஏன் இப்படி?

கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. அதைச் சுத்திகரிக்கும் சிறுநீரகங்களின் வேலையும் அதே அளவில் பெருகுகிறது. வரவு கூடும்போது செலவும் கூடுகிறது. சிறுநீர் மிகுவது இயல்பே.

கருப்பைக்கு நேர்முன்னே, சற்றுக் கீழே, சிறுநீர்ப்பை அமைந்திருக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் வளர்ந்த குழந்தை அதனை அழுத்துவதால் அது முன்போல் விரிய இடமில்லை. சிறிதளவு சேர்ந்தவுடனேயே நிறைந்துவிட்ட உணர்வு எழுகிறது. தலைப்பிரசவமாயின், பிரசவத்திற்குச் சில வாரங்களுக்கு முன்பே குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடுவது உண்டு. அப்போது தாய்க்கு மூச்சு விடுவது எளிதாகும்; சிறுநீர்ப்பையின் மீதுள்ள சுமையோ மேலும் கூடும்.

இரவுத் தொல்லைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பகலில் நின்றும் நடந்தும் இருக்கையில் கால்களில் தேங்கும் நீர், படுத்தவுடன் இரத்தத்திற்குத் திரும்பிச் சிறுநீராகிறது. இரவில் மூன்று நான்கு முறை எழ நேர்வது இதனால்தான். பெரும்பாலும் இது நோயன்று. பிரசவத்திற்குப் பின் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே நீங்கும்.

குறைத்தால் என்ன நேரும்?

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் நிற்பதில்லை, அடர்த்தியாகிறது. அடர்த்தியான சிறுநீர் சிறுநீர்ப்பையை உறுத்தி, முன்னிலும் அவசரத்தை உண்டாக்குகிறது. மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால், இறுகிய குடல் சிறுநீர்ப்பையை மேலும் நெருக்கும். கால் வீக்கமும் தண்ணீரைக் குறைப்பதால் வடிந்துவிடாது.

இவற்றினும் பெரிய இடர் தொற்று. கர்ப்பகாலத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்களைத் தளரச் செய்கிறது. வளர்ந்த கருப்பையும் அவற்றை அழுத்துவதால் சிறுநீர் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமிகள் பெருகுகின்றன. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேர் வரை, எரிச்சலோ வலியோ இன்றியே சிறுநீரில் கிருமியுடன் இருப்பார்கள் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. கவனியாது விட்டால், அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது சிறுநீரகம் வரை ஏறிக் கடுங்காய்ச்சலாக மாறக்கூடும். குறித்த காலத்திற்கு முன்பே பிரசவம் நேர்வதற்கும், குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கும் இத்தொற்று காரணமாகலாம்.

ஆகவே தண்ணீரைக் குறைப்பதும், வந்த சிறுநீரை அடக்குவதும் கூடாது. மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தாலன்றி, நாளொன்றுக்கு 8 முதல் 12 குவளை தண்ணீர் கர்ப்பிணிக்குத் தேவை. சித்தூரிலும் திருப்பதியிலும் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாட்களில் இத்தேவை இன்னும் கூடும். நீர்மோரும் கஞ்சியும் இந்தக் கணக்கில் சேரும்.

பகலிலும் இரவிலும்

தண்ணீரின் அளவைக் குறைக்காமல் நேரத்தை மாற்றியமைப்பதே சரியான வழி. பகலின் பெரும்பகுதியில் சிறிது சிறிதாகக் குடித்து, படுப்பதற்கு ஓரிரு மணி நேரத்திற்கு முன்னர் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். காபியும் தேநீரும் சிறுநீரைப் பெருக்குவன. நாளுக்கு ஒன்றிரண்டு சிறு குவளையோடு நிறுத்தி, மாலைக்குப் பின் தவிர்ப்பது நல்லது.

மாலையில் ஒரு மணி நேரம் இடப்பக்கமாகச் சாய்ந்து, கால்களைத் தலையணை மீது உயர்த்தி வைத்துப் படுத்திருந்தால், கால்களில் தேங்கிய நீர் உறங்கும் முன்பே வெளியேறிவிடும். இரவில் எழ வேண்டிய முறைகள் இதனால் குறையும்.

சிறுநீர் கழிக்கும்போது உடலைச் சற்று முன்னே சாய்த்தால் சிறுநீர்ப்பை நன்கு காலியாகும். முடிந்ததும் உடனே எழாமல், சில நொடிகள் பொறுத்து மீண்டும் ஒருமுறை முயல்வதும் பயன் தரும். சுத்தம் செய்கையில் முன்னிருந்து பின்னாகச் செய்ய வேண்டும்.

இருமும்போதும் சிரிக்கும்போதும் சில துளிகள் கசிவது பலருக்கும் உண்டு; வெட்கப்பட வேண்டியதில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அர்னால்டு கெகல் 1948-இல் எழுதி அறிமுகப்படுத்திய இடுப்புத் தளப் பயிற்சி இதற்கு உதவும். சிறுநீரை நிறுத்துவதற்கு எத்தசைகளை இறுக்குவோமோ அவற்றை ஐந்து நொடி இறுக்கி, ஐந்து நொடி தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அமர்ந்த நிலையிலேயே, வங்கியில் காத்திருக்கும்போதும் செய்யலாம். சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் செய்யலாகாது.

கழிப்பறை வீட்டுக்கு வெளியே, கொல்லைப்புறத்தில் இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் இன்றும் பல. நிறைமாதத்தில் இருட்டில், ஈரத் தரையில் வழுக்கி விழுவது பேராபத்து. வழியில் ஒரு விளக்கு, வழுக்காத செருப்பு, பிடித்து எழுவதற்குச் சுவரில் ஒரு கைப்பிடி, துணைக்கு விழித்தெழ ஒருவர் ஆகியவற்றிற்கு இந்தச் சில வாரங்கள் ஏற்பாடு செய்தாக வேண்டும். அந்த ஒருவர் கணவராக இருப்பதே முறை.

பயணத்தில்

சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமான பின்னரும், மேல்சிகிச்சைக்காக அங்குள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையை நாடிச் செல்லும் சித்தூர்ப் பெண்கள் பலர். இந்தப் பயணத்தை எண்ணித்தான் பலரும் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள்.

புறப்படும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். இடையில் நிற்கும் பேருந்தாயின், நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிக்காகச் சில நிமிடம் நிறுத்த மறுப்பவர் அரிது. காரில் செல்வோர் பெட்ரோல் நிலையங்களின் கழிப்பறைகளைப் பயன்படுத்தலாம். தண்ணீர்ப் புட்டியும், மாற்றுத் துணியும், ஒரு நாப்கினும் பையில் இருக்கட்டும்.

பிரசவத்திற்கு முன் திருமலையில் வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்று சில குடும்பங்கள் எண்ணுவதுண்டு. வைகுண்டம் காத்திருப்பு அறைகளில் கழிப்பறைகள் இருந்தாலும், வரிசை நகரத் தொடங்கிய பின் நெரிசலுக்கு நடுவே வெளியே வருவது எளிதன்று. குழந்தை பிறந்த பின் தாயும் சேயுமாகச் சென்று வணங்கினால் வேண்டுதலுக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது.

எப்போது மருத்துவரிடம்?

எரிச்சல், அடிவயிற்று வலி, கலங்கிய அல்லது இரத்தம் கலந்த சிறுநீர், அவசரமாகச் சென்றும் சில துளிகளே வருதல் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். இவற்றை வெறும் சூடு என்று எண்ணி, வெந்தயமும் இளநீரும் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும் விலாவில் வலியும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மிகுந்த தாகத்துடன் மிகுந்த சிறுநீரும் போனால், கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கான சோதனை தேவை. மாறாக, சிறுநீர் திடீரெனக் குறைந்து, முகமும் கையும் வீங்கி, தலைவலியும் பார்வை மங்கலும் தோன்றினால், இரத்த அழுத்தம் ஏறியிருக்கக்கூடும், தாமதிக்கவே கூடாது.

கசிவது சிறுநீர்தானா, பனிக்குட நீரா என்ற ஐயமும் எழலாம். தசையை இறுக்கியும் நிற்காமல், சிறுநீர் வாடையின்றித் தெளிவாகக் கசிந்துகொண்டே இருந்தால், அது பனிக்குட நீராக இருக்கலாம். நாப்கின் வைத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அறிகுறி இல்லாத தொற்றைச் சோதனையால் மட்டுமே அறிய முடியும். 2016 முதல் நடந்துவரும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் நான்காம் மாதம் முதல் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. அந்நாளைத் தவறவிடாதீர்கள்.

வங்கிக்கு வரும் தாய்மார்களுக்கு

பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில், தகுதியுடைய தாய்க்கு முதல் குழந்தைக்கு ரூ.5,000-மும், இரண்டாவது குழந்தை பெண்ணாயின் ரூ.6,000-மும் நேரடியாகக் கணக்கில் வரவாகின்றன. கணக்கு தாயின் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். இந்த வேலையை நிறைமாதம் வரை தள்ளிப்போடாமல், நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே முடித்துவிட்டால் வெயிலில் அலைய வேண்டியதில்லை. அதன் பின் வரவைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நாங்களும் திருத்திக்கொண்டோம். 'ஊழியர்களுக்கு மட்டும்' என்ற எழுத்தை மறுநாளே அழித்தோம். கர்ப்பிணிகளுக்கு டோக்கன் எண் பார்ப்பதில்லை என்று கிளைக்குள் முடிவு செய்தோம். ஜெர்மனியின் ஆலன் என்னும் சிறு நகரில், கடைகளும் உணவகங்களும் தங்கள் கழிப்பறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட, நகராட்சி அதற்கு ஒரு தொகை கொடுக்கும் ஏற்பாடு தொடங்கி, பின்னர் பல நகரங்களுக்குப் பரவியது. கடை நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் தொகை எதையும் எதிர்பாராமலே இதைச் செய்யலாம். வாசலில் ஓர் எழுத்து போதும்: 'கர்ப்பிணிகள் எங்கள் கழிப்பறையைப் பயன்படுத்தலாம்.'

சில மாதங்கள் கழித்து அந்த மாமியார் மீண்டும் கிளைக்கு வந்தார். அன்று எங்கள் பெண் ஊழியர் சொல்லி அனுப்பியபடி, அடுத்த 9-ஆம் நாள் மருமகளைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றாராம். எரிச்சலோ வலியோ இல்லாதிருந்தும் சிறுநீரில் கிருமி இருந்ததாம். மருந்து சாப்பிட்டுக் குணமாகி, நாள் நிறைந்து பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

"இப்போது நானே அவளை விடாமல் தண்ணீர் குடிக்கச் சொல்கிறேன், பால் கொடுக்கிறாளே" என்றார். பிறகு பேத்தியின் பெயரில் செல்வமகள் கணக்குத் தொடங்க எவ்வளவு வேண்டும் என்று விசாரித்தார். ரூ.250 போதும் என்றோம். சிக்கனம் இருக்க வேண்டிய இடம் அதுதான்.